செருப்பைக் கழற்ற வேண்டாத வீடு

சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம்தானே, 'ஒரு வெப்சைட் இருக்கு, படிச்சுப் பாரு' என்று சொல்ல ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது, ஆனால் வினோதினியின் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்து நாற்காலியில் அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். மேகலா. பெயரை அவளுடைய மாமியார்தான் ஆஸ்பத்திரிக் கூடத்துக்கே அறிவித்துவிட்டாள், "ஏ மேகலா, டோக்கனைத் தொலைச்சுப்புடாத, இன்னொருக்கா வரிசையில நிக்க என்னால ஆகாது" என்று. அந்த அம்மாள் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டாள். திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும், டீ சூடாக இருந்தால் கொஞ்சம் கூட ஆகும், கடவுளே டீ சூடாக இருக்கட்டும். திண்டுக்கல்லில் இத்தனை குழந்தைகள் இருக்கின்றன என்று தடுப்பூசி போட வருகிற நாளில்தான் தெரிகிறது, ஒன்று அழுதால் அது ஓய்வதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்கிறது, மருந்து வாடையும் பால் வாடையும் கலந்து அடிக்கிறது. மடியில் முகை தூங்கினாள். நறுமுகை, நாலாம் மாதம், உதடு மட்டும் எதையோ சப்பிக்கொண்டிருந்தது. இவள் தூங்குகிறாள், மூச்சு விடுகிறாள், நெஞ்சு ஏறுகிறது இறங்குகிறது, சரி. சரி, மறுபடி பார்த்தாகிவிட்டது. சொல்லிவிடலாம். மாமியார் டீக்குப் போவதற்கு முன்னால் மேகலா கேட்டது என்னவோ சின்னக் கேள்விதான். "அக்கா, பாப்பாவ நீங்களேவா குளிப்பாட்டுறீங்க?" ஆமாம் என்றாள் வினோதினி. "தனியாவா?" ஆமாம். அப்புறம் மடியில் கிடந்த மகனின் துண்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "பயமா இருக்காதாக்கா?" அதைக் கேட்ட விதம்! தண்ணீர் மூக்கில் ஏறிவிடுமோ, சளி பிடித்துவிடுமோ என்று கேட்கிற குரல் வேறு. இந்தக் குரலை வினோதினிக்குத் தெரியும், தன் வாய்க்குள்ளேயே நாலு மாதமாக அடைத்து வைத்திருக்கிற குரல். ஆனால் அதற்குள் மாமியார் குறுக்கே விழுந்தாள். "இவளுக்கு எதுக்குத்தான் பயமில்ல? புள்ள பொறந்ததுலருந்து ஒருநா ஒரு பொழுது கால்ல போட்டுத் தண்ணி ஊத்துனதில்ல. நாந்தான் ஊத்துறேன், நாந்தான் உருவி விடுறேன். மகராசி கதவுக்கு அங்கிட்டு நின்னு சோப்பு எடுத்துக் குடுப்பா. கலெக்டரம்மா!" பக்கத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். மேகலாவும் சிரித்தாள், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போது வினோதினி என்ன சொன்னாள்? "பழகிரும்" என்றாள். பழகிரும்! கணவன் பிரபாகர் சொன்னது, அம்மா சொன்னது, மேல்வீட்டு அக்கா சொன்னது, எந்த வார்த்தையைக் கேட்டால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்போல இருக்குமோ அதே வார்த்தையை எடுத்து இந்தப் பெண்ணின் கையில் வைத்துவிட்டாள்.

கதவுக்கு அங்கிட்டு நிற்பது. அது எவ்வளவு நல்ல யோசனை, தனக்கு மாமியார் இல்லையே என்று ஒரு கணம் பொறாமையாகக்கூட இருந்தது. பிரபாகர் மில்லுக்குக் கிளம்பிப் போனபின் வீட்டில் அவளும் முகையும்தான். பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, குழந்தையைக் கணுக்காலுக்கு மேல் குப்புறப் போட்டு, ஒரு கை நெற்றிக்குக் கீழே அணை கொடுக்க, மறு கையில் செம்பு, வெதுவெதுவென்று தண்ணீர், எண்ணெய் வழுக்குகிற அந்தக் குட்டி முதுகு, அப்போது வரும். எங்கிருந்து வரும் என்று தெரியாது. நெற்றிக்குக் கீழே இருக்கிற கையை எடுத்துவிட்டால்? அவ்வளவுதான், அதற்குமேல் படம் ஓடாது, அந்த ஒரு கணம் மட்டும் வந்து நிற்கும், கை மரத்துப்போகும், செம்பு தரையில் உருளும், பாதி சோப்போடு குழந்தையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்து பாயில் கிடத்திவிட்டு நாலடி தள்ளிப் போய் நிற்பாள், தன் கைகளிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றுகிறவள் மாதிரி. பால்கனியில் துணி காயப்போடுவதை நிறுத்தி வெகுநாளாகிறது. காய்கறியை நறுக்கியே விற்கிற கடையைக் கண்டுபிடித்திருக்கிறாள், "உனக்கு அவ்ளோ சோம்பேறித்தனமாடி" என்று பிரபாகர் கேலி செய்தான், ஆமாம் என்று சொல்லிவிட்டாள், சோம்பேறி என்ற பேர் எவ்வளவு சுகமான பேர். கத்தி என்று சொல்ல முடியுமா? உங்கள் மகளும் நானும் ஒரு கத்தியும் ஒரே அறையில் இருக்க எனக்குப் பயம் என்று எந்தப் பொம்பளையாவது எந்த ஆம்பளையிடமாவது சொன்னதுண்டா? மூன்றாவது தெருவில் ஒருத்தி ஏதோ சொன்னாளாம், என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது, மறுநாளே அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள், குழந்தை இங்கேயே தங்கிவிட்டது. அவள் இப்போது எங்கே? அவள் மாரில் பால் கட்டியிருக்குமே, அதை என்ன செய்தாள்? முகை கை விரித்தாள், மூடினாள். ஏறுகிறது, இறங்குகிறது. சரி.

இத்தனைக்கும் செய்ததில்லை, எதையும் செய்ததில்லை, நினைப்புதான். நினைப்பும் கணக்கில் உண்டு என்று சொல்லிக் கொடுத்தது கான்வென்ட். செய்கிற பாவம், பேசுகிற பாவம், மனசுக்குள்ளேயே செய்கிற பாவம், மூன்றும் ஆண்டவருக்கு முன்னால் ஒரே நிறைதான் என்று சிஸ்டர் பெலிசித்தா கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது, மூன்றாவது வட்டம்தான் பெரியதாக விழுந்துவிட்டது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் வரிசையாகச் சிற்றாலயத்துக்குப் போவார்கள், பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்குவது. வினோதினி, ராஜாத்தி, பாத்திமா எல்லாரும் வகுப்பிலேயே உட்கார்ந்து நீதிபோதனைப் புத்தகத்தில் படத்துக்கு வர்ணம் தீட்ட வேண்டும். ஜன்னல் வழியே தெரியும், போகும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிற ஸ்டெல்லா, மரக்கூண்டுக்குள் மண்டியிட்டு ஏதோ முணுமுணுத்துவிட்டு, திரும்பும்போது குதித்துக்கொண்டு வருவாள், "முடிஞ்சிருச்சு, வாடி கடலை மிட்டாய் வாங்கலாம்" என்பாள். அவ்வளவுதானா? அவ்வளவுதான்! வினோதினிக்கு வயிறு எரியும். நினைப்பும் பாவம் என்ற பாதிப் பாடத்தை எல்லாருக்கும் நடத்திவிட்டு, அதைக் கழுவுகிற மீதிப் பாதியை அவர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவது? வீட்டில் கேட்டால் அப்பா, "அதெல்லாம் அவங்க சாமி, நீ பரீட்சைக்குப் படி" என்றார். அவள் அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டே வளர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள். தண்ணீர் ஊற்றும்போது அந்த நினைப்பு வந்த முதல் நாளே தீர்ப்பும் வந்துவிட்டது: நினைத்துவிட்டாய், அதனால் செய்துவிட்டாய்.

அந்த வீட்டைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். வீடு என்றுதான் அவளுக்கு வாயில் வருகிறது, ஏனென்றால் அதை எழுதுகிறவள் அப்படித்தான் சொல்கிறாள், தன் பெயரைக்கூட வீட்டுக்காரி என்றுதான் போட்டிருக்கிறாள். முதலில் தேடுபொறியில் தேடினாள் வினோதினி, எதைத் தேடினாள் என்பதை அடுத்த நிமிடமே அழித்துவிட்டாள், வந்ததெல்லாம் மந்திரித்த கயிறு, பரிகாரத் தலம், சிவப்பு எழுத்தில் அலறுகிற வீடியோ, தாயே செய்த கொடூரம் என்று தலைப்புகள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். வேறொரு நாள் பால் கொடுத்துக்கொண்டே சும்மா எதையோ தட்டி, குருவிகளைப் படமெடுக்கிற ஒரு பெரியவரின் பக்கத்துக்குப் போனாள். அதன் அடியில் 'நான் போய்வருகிற வீடுகள்' என்று நாலைந்து சுட்டிகள், அதில் ஒன்று. இள மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. விளம்பரம் இல்லை, குதிக்கிற படம் இல்லை, கட்டைவிரல் தூக்குகிற பொத்தான் இல்லை, யார் வந்தார்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதும் இல்லை. தலைமாட்டில் ஒரு வரி: 'இது என் வீடு, வாங்க, செருப்பைக் கழற்ற வேண்டாம், நானே இன்னும் பெருக்கவில்லை.' அதைப் படித்து வினோதினி சிரித்தாள், பிள்ளை பெற்ற பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை, முகை திடுக்கிட்டுப் பாலை விட்டுவிட்டாள். உள்ளே போனால் ஒவ்வோர் அறையாக இருந்தது. புளிக்காத மாவை என்ன செய்வது, ஜன்னலுக்கு வருகிற காக்கைக்கு ஒரு காலில் விரல் இல்லை, மிக்சியைக் கழற்றிப் பார்த்து மாட்டத் தெரியாமல் போன கதை. அப்புறம் வீட்டின் பின்பக்கம் மாதிரி ஒரு பக்கம், அங்கே அவள் தன் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது தனக்கு வந்த பயங்களை எழுதியிருந்தாள். தண்ணீர். மாடி. அரிவாள்மணை. பெயர் சொல்லி எழுதியிருந்தாள், மாவு புளிக்காததை எழுதிய அதே குரலில். 'என் கையைப் பார்த்தே பயந்தேன். செய்ய விரும்பினவள் பயப்படுவாளா என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். இது நிறையப் பேருக்கு வருவது, வைத்தியம் இருக்கிறது என்றார். நிறையப் பேர் என்றால் அவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். உங்களை மாதிரித்தான், வெளியே சொல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள் என்றார். அதனால் எழுதி வைக்கிறேன்.' வினோதினி அதை எத்தனை தடவை படித்திருப்பாள். வரிகளின் இடம்கூடத் தெரியும், எந்தச் சொல்லில் திரை முடிகிறது, எங்கே விரலால் தள்ள வேண்டும். ஆனால் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தைக் காட்டுவதும் நெஞ்சைக் கிழித்துக் காட்டுவதும் ஒன்றுதான், 'இதை எதுக்கு நீ படிக்கிற' என்று கேட்டால் பதில் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால் குளிர்கிறது. வீட்டுக்காரி எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஆடி மாதத்தில் ஒரு நாள், 'மழை வரும்போல இருக்கிறது, துணியை எடுக்கணும்' என்று எழுதியதுதான் கடைசி. வினோதினி தினமும் போய்ப் பார்க்கிறாள், பக்கம் திறக்கிறது, அதே மழை, அதே துணி. ஊருக்குப் போயிருக்கலாம். அலுத்திருக்கலாம். மகன் பெரியவனாகிப் பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம் என்று நேரமில்லாமல் இருக்கலாம். அல்லது. அந்த அல்லதுவில்தான் அவள் போய் மாட்டிக்கொள்வாள், வண்டிச் சக்கரத்தில் தாவணி மாட்டின மாதிரி. வைத்தியம் இருக்கிறது என்று எழுதினவளுக்கே சரியாகாமல் போயிருந்தால்? அப்படியொருத்தியின் வீட்டுக்கு இந்தச் சின்னப் பெண்ணை அனுப்பலாமா, இவளுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்குமா, வளையலெல்லாம் இன்னும் கல்யாண வளையல். நாளைக்கே அந்தப் பக்கம் இல்லாமலும் போகலாம், வெப்சைட் வைத்திருக்கிற இடத்துக்கு வாடகை கட்டாவிட்டால் ஒரே நாளில் வெள்ளைத் திரையாகிவிடும் என்று பிரபாகர் வேறெதற்கோ சொல்லியிருக்கிறான். அனுப்பாவிட்டால்? அனுப்பாவிட்டால் இவள் இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போவாள், கதவுக்கு அங்கிட்டு நிற்பாள், ஒருநாள் மாமியார் சொந்தத்தில் ஒரு சாவுக்கோ சடங்குக்கோ போவாள், இவளும் குழந்தையும் தண்ணீரும் மட்டும் இருப்பார்கள், இவளிடம் 'பழகிரும்' என்ற ஒரு வார்த்தைதான் இருக்கும். யார் கொடுத்த வார்த்தை? "எட்டாம் நம்பர்!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். வினோதினியுடையது ஒன்பது. மேகலாவின் கையில் கசங்கியிருந்த சீட்டு பத்து. மாடிப்படியில் செருப்புச் சத்தம், மாமியாரோ என்று திரும்பிப் பார்த்தாள், இல்லை, யாரோ ஒரு அப்பா, தோளில் குழந்தைப் பையோடு.

"மேகலா" என்றாள் வினோதினி. அந்தப் பெண் நிமிர்ந்தாள். "குளிப்பாட்டும்போது பயமா இருக்காதான்னு கேட்டீல்ல. எனக்கும் இருக்கு." சொல்லியாயிற்று. கூரை இடிந்து விழவில்லை, எதிரே ஒரு பாட்டி பேத்திக்கு விளக்கெண்ணெய் வைத்தியம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "பழகிரும்னு சொன்னேன்ல, அது சும்மா சொன்னது. ஒருத்தங்க இதைப் பத்தி எழுதியிருக்காங்க, தமிழ்லதான், அவங்க சொந்தமா வச்சிருக்கிற வெப்சைட். தேடினா வராது. அட்ரஸ் சொல்றேன், உன் போன்ல..." மேகலா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "போன் அத்தைகிட்டதான்க்கா இருக்கும். பையில போட்டு வச்சிருப்பாக. வந்த மெசேஜு போன மெசேஜு எல்லாம் பாப்பாக." அப்படியா. அப்படித்தானே இருக்கும். எழுதிக் கொடுத்தால் அதையும் பார்ப்பாள். வினோதினி தன் போனை எடுத்தாள், விரல் தானாகவே அந்த மஞ்சளைத் திறந்தது, நேரே பின்பக்கத்துக்கே கொண்டு போனாள், நீட்டினாள். மேகலா வாங்கவில்லை. அவளுடைய இரண்டு கையிலும் மகன் இருந்தான், விழித்திருந்தான், குண்டுக் கன்னம், கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு. "புள்ளைய வச்சுக்கிறீங்களாக்கா" என்றாள். வினோதினிக்குக் காதுக்குள் ஊதல் கேட்டது. தன் குழந்தையையே நாலடி தள்ளி நின்று பார்க்கிறவளிடம் இன்னொருத்தி பெற்ற குழந்தையையா? கீழே சிமெண்டுத் தரை. அங்கே படிக்கட்டு. வரும், இப்போது வரும், கையை எடுத்துவிட்டால் என்று வரும். வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே முகையை இடது தோளில் சாய்த்து, வலது கையை மடியில் வளைத்து, "குடு" என்றாள். பையன் கனமாக வந்து இறங்கினான். நினைப்பு அது பாட்டுக்கு நின்றது, கை அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே நேரத்தில். இரண்டு குட்டி நெஞ்சும் இரண்டு வேகத்தில் அடித்தன, எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை.

மேகலா எழுத்துக்கூட்டுகிறவள்போல உதட்டை அசைத்துப் படித்தாள். 'நானே இன்னும் பெருக்கவில்லை' எல்லாம் அவள் பார்க்க வாய்ப்பில்லை, நேரே தண்ணீருக்குள் இறக்கிவிட்டாயிற்று, அது தப்போ, முதலில் காக்கையைக் காட்டியிருக்கணுமோ. கட்டைவிரல் நகர்ந்தது, நின்றது. மாடி என்ற இடம். மறுபடி நகர்ந்தது. அரிவாள்மணையில் ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் அவள் அழவில்லை, வினோதினி எதிர்பார்த்தது அதைத்தான், அவள் கோபப்பட்டாள். "எழுதி வச்சிருக்காக பாருங்கக்கா. எனக்கு மட்டுந்தான்னு நெனச்சு நான் விஷத்தைத் தின்ன மாதிரி கெடந்தேன். மூணு மாசமா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள், வீட்டுக்காரி முன்னாலேயே வந்து கதவைத் தட்டாதது குற்றம் என்பதுபோல. அப்புறம், "இவுக இப்ப எப்புடி இருக்காக?" என்றாள். நல்லாயிருக்காங்க என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. "தெரியல" என்றாள் வினோதினி. "கொஞ்ச நாளா ஒண்ணும் எழுதல. நானும் தெனம் பாக்குறேன்." மேகலா யோசித்தாள். "டாக்டர்கிட்ட சொன்னாகன்னு போட்டிருக்கே. நீங்க சொன்னீங்களாக்கா?" இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை நாள் அந்தப் பக்கத்தை மனப்பாடமாகத் தெரிந்தும் அந்த ஒரு வரியை மட்டும் கதையாகவே படித்திருக்கிறாள், யாரோ ஒருத்தி யாரோ ஒரு டாக்டரிடம் போன கதை. "இல்ல." "ஏன்க்கா?" "பயம்." "அப்ப என்னைய மட்டும் எதுக்குப் படிக்கச் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. கேலிகூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள், கண்ணை எடுக்காமல். அதற்குள் படியில் அந்தக் குரல் ஏறி வந்துவிட்டது, "டீயாடா அது, கழனித்தண்ணி!" என்று. மேகலா போனை வினோதினியின் பைக்குள் போட்ட வேகம் இருக்கிறதே, பழகின கை. "என்னடி இது, புள்ளைய அடுத்தவுக மடியில போட்டுட்டு நீ சீமாட்டியாட்டம் உக்காந்திருக்க?" "நான்தாம்மா கேட்டு வாங்கினேன்" என்றாள் வினோதினி, "பையன் அழகா இருக்கான்னு." "கண்ணு போட்றாத தாயி" என்று மாமியார் சிரித்துக்கொண்டே பேரனை அள்ளிக்கொண்டாள். மடி திடீரென்று லேசாகி, சில்லிட்டது. "ஒம்பது!" என்றாள் நர்ஸ். "ஒம்பதாம் நம்பர் யாரு, தூங்குறீங்களா?" வினோதினி எழுந்தாள். மேகலா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் பதிலுக்காக.

உள்ளே போகிற பத்தடி தூரத்தில் என்னென்னவோ ஓடியது. மூன்றாவது தெருப் பெண். பிரபாகரின் முகம், 'என்கிட்ட ஏன்டி சொல்லல' என்று முதலில் வருமா, 'குழந்தையை எங்க அம்மா கொஞ்ச நாள் வச்சிருக்கட்டும்' என்று முதலில் வருமா. டாக்டரம்மா நல்லவர்தான், வேகமாகப் பேசுவார், எடை பார்ப்பார், காதுக்குள் விளக்கடிப்பார், கடைசியில் எப்போதும் தலையை நிமிர்த்தாமலே 'வேற ஏதாவது?' என்பார், அவளும் எப்போதும் 'ஒண்ணுமில்ல டாக்டர்' என்பாள். இன்றைக்கும் அப்படியே நடந்தது. முகைக்குத் தொடையில் ஊசி, ஒரு கணம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தொண்டை கிழிய அழுதாள், தோளில் போட்டுத் தட்டத் தட்ட விக்கலாகி அடங்கினாள். "காய்ச்சல் வந்தா சொட்டு மருந்து குடுங்க, பயப்படாதீங்க. வேற ஏதாவது?" என்ற டாக்டர் அப்புறம்தான் நிமிர்ந்து, "என்னம்மா கதவைச் சாத்தலையா? ஏசி பூரா வெளிய போகுது" என்றார். வினோதினி திரும்பிப் பார்த்தாள். அகலத் திறந்திருந்த கதவுக்கு நேரே மேகலா, அடுத்த ஆளாகக் கையில் சீட்டோடு நின்றாள், அவள் பின்னால் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார், அந்த அம்மாளுக்குப் பின்னால் கூடம் முழுக்கக் காதுகள். கதவைச் சாத்திவிட்டால் டாக்டரிடம் மட்டும் சொல்லலாம், அதுதான் முறை, அதுதான் மரியாதை. "ஒரு நிமிஷம் திறந்தே இருக்கட்டும் டாக்டர்" என்றாள், தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் முகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அறைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள், "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."